வயிற்றில் நெறிகட்டி: 31 மில்லிமீட்டருக்குப் பின்னால் இருந்தது என்ன?

நோயாளிக்கு 24 வயது. சொந்த ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். வேலை திருப்பூரில், ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் பிரிவில். மூன்று மாதமாக வயிற்றுவலி, சாயங்காலமானால் காய்ச்சல், ஆள் பாதியாக மெலிந்துவிட்டார். (யாரென்று தெரியாமல் இருக்க ஊர், தொழில் போன்றவற்றைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.)

அவர் கொண்டுவந்த ஸ்கேன் ரிப்போர்ட்டின் முடிவுரை இப்படி இருந்தது: குடல்தாங்கியில் (சிறுகுடலைப் பிடித்துவைத்திருக்கும் மடிப்பு) பல நிணநீர் முடிச்சுகள் வீங்கி நெறிகட்டியுள்ளன, பெரியது 31 x 24 மி.மீ.; வயிற்றில் சிறிதளவு நீர்; நோயாளியின் அறிகுறிகளோடு பொருத்திப் பார்க்கவும். கடைசியில் இருக்கும் அந்த 'பொருத்திப் பார்க்கவும்' யார் கண்ணிலும் படுவதில்லை. மில்லிமீட்டர்தான் படும். நோயாளியான அந்தத் தம்பி 31-ஐ இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, "கேன்சர்தானே சார், நேராச் சொல்லிடுங்க" என்றார். உடன் வந்த அம்மாவுக்கு வேறு கணக்கு. ஏற்கெனவே பார்த்த ஒரு மருத்துவர், "இது டி.பி.தான், ஆறு மாசம் மாத்திரை போட்டா கரைஞ்சிடும்" என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். மாத்திரையை வாங்கலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்கள்.

அந்த மருத்துவர் ஊகித்த நோய் சரிதான் என்பது பிறகு தெரிந்தது. ஆனாலும் அன்றைக்கு அந்த மாத்திரையை ஆரம்பிக்க வேண்டாம் என்றேன். ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி.

நோயாளி சொன்னது

வலி தொப்புளைச் சுற்றி, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் ஆரம்பிக்கும். எப்படி வலிக்கிறது என்று கேட்டேன். "காத்து ஒரு உருண்டையா கெளம்பி இந்தப் பக்கமா ஓடும் சார். கடகடன்னு சத்தம் போட்டுட்டு அடங்கிடும். அடங்குனதும் வலியும் போயிடும்" என்று சொல்லி, ஆள்காட்டி விரலால் தொப்புளிலிருந்து வலது அடிவயிறு வரை சட்டையின் மேலேயே ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

மூன்று மாதத்துச் சீட்டுகள் எல்லாவற்றையும்விட அந்த விரல் அதிகம் சொன்னது. சிறுகுடல் எங்கோ சுருங்கியிருக்கிறது. சாப்பாடும் காற்றும் அந்த இடத்தில் முட்டி நிற்க, பின்னாலிருந்து குடல் நெருக்கித் தள்ள, அது மேலே உருண்டையாகத் தெரிகிறது. இடுக்கு வழியாக வழிந்து இறங்கியதும் சத்தம், நிம்மதி. நம் பக்கம் இளவயதில் ஒருவர் இப்படிச் சொன்னால் கை தானாகவே வலது அடிவயிற்றுக்குப் போகும். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடம் அது.

மூன்று மாதத்தில் நடந்தவை: முதலில் அல்சர் என்று வெறும் வயிற்றில் போடும் மாத்திரை. காய்ச்சல் வந்ததும் விடால் பரிசோதனை, 'டைஃபாய்டு பாசிட்டிவ்', பத்து நாள் ஆண்டிபயாடிக். நடுவில் அம்மா ஊருக்குக் கூட்டிப்போய் தொக்கம் எடுத்திருக்கிறார். அதில் நாள் போனதே தவிர வேறு கெடுதல் இல்லை. எனக்கு உறுத்திய விஷயங்கள் இரண்டு. அந்த ஆண்டிபயாடிக் லீவோஃப்ளாக்சசின், அது டி.பி. கிருமியையும் கொஞ்சம் அடக்கிவைக்கும், நோயைத் தீர்க்காமல் மறைத்துவைக்கும். இன்னொன்று, வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் போட்ட ஏதோ ஊசி. "அது போட்டா ரெண்டு நாள் ஜுரமே இருக்காது, பசிகூட எடுக்கும் சார்." சீட்டில் பெயர் இல்லை. ஜுரத்தையும் அடக்கிப் பசியையும் கிளப்புகிற ஊசி என்றால் ஸ்டீராய்டாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

நெறிகட்டி இருக்கும் நோயாளிக்குக் காரணம் தெரியாமல் ஸ்டீராய்டு கொடுத்தால் இரண்டு பக்கமும் ஆபத்து. டி.பி. என்றால் நோய் பரவும். லிம்ஃபோமா எனும் நிணநீர்ப் புற்றுநோய் என்றால் கட்டி தற்காலிகமாகச் சுருங்கும், பிறகு எடுக்கிற சதைத் துணுக்கில் நோய் பிடிபடாமலே போகலாம்.

உடலைப் பார்த்தபோது

உயரம் 168 செ.மீ., எடை 44 கிலோ. முன்பு 53 இருந்ததாம். உடல் நிறைக் குறியீடு 15.6, 16-க்குக் கீழே என்றாலே கடுமையான மெலிவு. கண் இமையின் உட்புறம் வெளுத்திருந்தது. வலது அடிவயிற்றில் அழுத்தினால் வலிக்கும் ஒரு திரட்சி.

வயிற்றில் நெறிகட்டி என்று வருபவரிடம் வயிற்றை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பக்கூடாது. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு மூன்றையும் தடவிப் பார்க்க வேண்டும். வெளியே ஒரு கட்டி கைக்கு அகப்பட்டால் உள்ளே போய்த் தேட வேண்டிய வேலையே மிச்சம். குறிப்பாக இடது காறை எலும்புக்கு மேலே இருக்கும் குழி. வயிற்றின் நிணநீர் எல்லாம் கடைசியில் மார்பு நாளம் வழியாக ஏறி இடது கழுத்தடியில்தான் ரத்தத்தில் கலக்கிறது. இரைப்பைப் புற்றுநோய் முதலில் தலைகாட்டுகிற இடமாகவும் அது இருக்கலாம். ருடால்ஃப் விர்ஷோ என்ற ஜெர்மானிய மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டில் இதைச் சுட்டிக்காட்டியதால் அந்த முடிச்சுக்கு இன்றும் அவர் பெயர்தான். இவருக்கு அந்தக் குழியில் ஒன்றும் இல்லை.

அப்புறம் விரைகள். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பார்த்தேன். தம்பிக்குக் கூச்சம், "வலி வயித்துலதான் சார்" என்றார். விரைகள் கருவில் முதுகெலும்புக்கு அருகில் உருவாகிப் பிறகு கீழே இறங்குபவை. ரத்தக் குழாயும் நிணநீர் வழியும் அவற்றோடு வயிற்றிலிருந்தே வருகின்றன. அதனால் விரையில் வரும் புற்றுநோய் முதலில் பரவுவது தொடை இடுக்குக்கு இல்லை, பெருந்தமனியை ஒட்டிய வயிற்று முடிச்சுகளுக்கு. இளைஞர்களுக்கு வரும் புற்றுநோய்களில் பரவிய பிறகும் பெரும்பாலும் குணமாக்கக்கூடியது இது. அரை நிமிடம் கை வைத்துப் பார்க்காததால் அதைத் தவறவிட்டால் மன்னிப்பே கிடையாது. இவருக்கு இரண்டும் சரியாக இருந்தன.

முடிச்சு எதற்காக வீங்குகிறது

உடல் முழுக்க ஏறத்தாழ 600 நிணநீர் முடிச்சுகள் உண்டு. சிறுகுடலை முதுகுச் சுவரோடு பிடித்துவைத்திருக்கும் மெல்லிய மடிப்பு குடல்தாங்கி. அதில் மட்டும் நூற்றுக்கும் மேல். தினமும் மூன்று வேளை வெளியிலிருந்து ஏதாவது உள்ளே வருகிற உறுப்பு குடல், காவலும் அங்கே அதிகம்தான். கிருமியோ, அதன் துணுக்கோ, புற்றணுவோ குடல் சுவரைத் தாண்டினால் நிணநீர் அதை முதலில் கொண்டுசேர்ப்பது அந்தப் பகுதியின் முடிச்சுக்கு. வெள்ளணுக்கள் அங்கே பெருகும், முடிச்சு பருக்கும்.

ஆகவே வீங்கிய முடிச்சு என்பது ஒரு நோயின் பெயர் ஆகாது. அந்த முடிச்சுக்கு நிணநீர் அனுப்பும் வட்டாரத்தில் ஏதோ நடக்கிறது என்ற தகவல் மட்டுமே. சாதாரண வைரஸ் தொற்று, டைஃபாய்டு, குடல்வால் அழற்சி, டி.பி., கிரோன் நோய் (குடலில் வரும் நாள்பட்ட அழற்சி), ஹெச்.ஐ.வி., லிம்ஃபோமா, வேறெங்கோ இருந்து பரவிய புற்றுநோய் என்று பட்டியல் நீளும்.

அளவும் ஓரளவுக்குத்தான் உதவும். ரிப்போர்ட்டில் இரண்டு எண் இருந்தால் சின்ன எண்ணைப் பாருங்கள். மருத்துவர்கள் கணக்கில் எடுப்பது குறுக்களவைத்தான். பெரியவர்களுக்குக் குடல்தாங்கியில் 10 மி.மீ. குறுக்களவைத் தாண்டினால் வீக்கம் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறோம். இவருக்கு 24. கணக்கில் எடுக்க வேண்டிய வீக்கம்தான். ஆனால் என்ன நோய் என்று அந்த எண்ணுக்குத் தெரியாது.

டி.பி.யா, லிம்ஃபோமாவா, கிரோனா?

இந்த வயது, இந்த ஊர், இந்த அறிகுறிகள் என்றால் சண்டை இந்த மூன்றுக்குள்தான். மூன்றும் காய்ச்சல் தரும், மெலிய வைக்கும், முடிச்சை வீங்க வைக்கும், சிறுகுடலின் கடைசிப் பகுதியைத் தடிக்க வைக்கும். ஆனால் ஒன்றின் மருந்து இன்னொன்றுக்கு விஷம். கிரோன் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் டி.பி. கொழுந்துவிடும். டி.பி. என்று நினைத்து ஆறு மாதம் ஓட்டினால் லிம்ஃபோமாவுக்கு அந்த ஆறு மாதமும் இலவசம். இந்தக் கடைசிக் கதை நம் மருத்துவமனைகளில் அரிதே இல்லை. மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம் கழித்து, 'மருந்துக்குக் கேட்காத டி.பி.' என்று அனுப்பப்பட்டு வருபவர்களில் சிலருக்கு டி.பி.யே இருக்காது.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.1, ஈ.எஸ்.ஆர். (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் அளவு) 78, ரத்தப் புரதமான ஆல்புமின் 2.9. ஹெச்.ஐ.வி. இல்லை, சர்க்கரை இல்லை, கல்லீரல் என்சைம்கள் சரியாக இருந்தன. ஈ.எஸ்.ஆர். கூடினால் டி.பி. என்று நம்புகிற பழக்கம் இன்னும் போகவில்லை. மூன்று நோயிலும்தான் அது கூடும். கையில் ஊசி போட்டு வீக்கத்தை அளக்கும் மாண்டூ பரிசோதனை நம் நாட்டுப் பெரியவர்களிடம் அதிகம் உதவாது, நம்மில் பலருக்குக் கிருமி எப்போதோ உள்ளே வந்து தூங்கிக்கொண்டிருக்கிறது. ரத்தத்தில் டி.பி. எதிர்ப்பொருள் பார்க்கும் பரிசோதனைகளை இந்திய அரசு 2012-லேயே தடை செய்துவிட்டது. யாராவது இன்றும் எழுதிக் கொடுத்தால் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

மார்பு எக்ஸ்ரே சுத்தம். "நெஞ்சு நல்லா இருக்குன்னா டி.பி. இல்லதானே சார்?" என்று அம்மா கேட்டார். அப்படிச் சொல்ல முடியாது. வயிற்று டி.பி. உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மார்பு எக்ஸ்ரே சாதாரணமாகவே இருக்கும். கிருமி ரத்தத்தின் வழியாகவோ, விழுங்கிய சளியின் வழியாகவோ, காய்ச்சாத பாலின் வழியாகவோ குடலுக்குப் போகலாம்.

சி.டி. ஸ்கேன் கொஞ்சம் வெளிச்சம் காட்டியது. சிறுகுடலின் கடைசிப் பகுதியும் பெருங்குடலின் தொடக்கமும் தடித்திருந்தன. முடிச்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக இருந்தன. மருந்து ஏற்றி எடுத்த படத்தில் விளிம்பு மட்டும் பளிச்சென்று ஒளிர, நடு இருண்டிருந்தது. நடுப்பகுதி செத்துப்போயிருக்கிறது என்று அர்த்தம். டி.பி.யில் அடிக்கடி பார்ப்பது. சிகிச்சை தொடங்காத லிம்ஃபோமாவில் முடிச்சு பொதுவாக உள்ளும் புறமும் ஒரே சீராகத் தெரியும்; குடல்தாங்கியின் ரத்தக் குழாய்களை இரண்டு பக்கமும் முடிச்சுகள் அணைத்துக்கொண்டு நிற்கும். தராசு டி.பி. பக்கம் சாய்ந்தது.

வயிற்று நீரை ஊசியால் எடுத்துப் பார்த்தோம். புரதம் அதிகம், லிம்ஃபோசைட் எனும் வெள்ளணுக்கள் அதிகம், ரத்த ஆல்புமினுக்கும் நீரின் ஆல்புமினுக்கும் வித்தியாசம் 0.6 மட்டும். 1.1-க்குக் கீழே என்பதால் கல்லீரல் நோயால் தேங்கிய நீர் இல்லை. ஏ.டி.ஏ. என்சைம் 62, நாற்பதை ஒட்டிய எல்லையைத் தாண்டினால் டி.பி.யைச் சந்தேகிக்க வேண்டும். அந்த நீரிலேயே, டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனை செய்ததில் கிருமி இல்லை என்று வந்தது.

பலர் இங்கே நிறுத்திக்கொண்டு மாத்திரையைத் தொடங்கிவிடுவார்கள். நான் நிறுத்தாததற்குக் காரணம், ஏ.டி.ஏ. லிம்ஃபோமாவிலும் கூடும். நீரில் சிபிநாட் நெகட்டிவ் என்பதற்கும் பெரிய மதிப்பில்லை; வயிற்று நீரில் கிருமிகள் மிகக் குறைவாகவே இருக்கும், பரிசோதனை அடிக்கடி கோட்டைவிடும். இதுவரை கையில் இருந்தவை எல்லாம் சாட்சிகள். குற்றவாளியை இன்னும் யாரும் பார்க்கவில்லை.

இரண்டு குப்பிகள்

கொத்தாக இருந்த முடிச்சை ஸ்கேன் பார்த்தபடி ஊசியால் குத்தலாம். ஆனால் நடுவில் குடலும் ரத்தக் குழாய்களும் இருந்தன. தடித்த குடலையே உள்ளிருந்து பார்த்துவிடுவது சுலபம் என்று கொலனோஸ்கோபி செய்தோம். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் வால்வு வாயைப் பிளந்தபடி கிடந்தது. அதை ஒட்டிக் குறுக்கு வாட்டில் இரண்டு புண்கள். டி.பி. புண் பெரும்பாலும் குடலைச் சுற்றிக் குறுக்கே வரும், அதனால்தான் ஆறும்போது சுருக்கிப் பிடிக்கிறது. கிரோன் புண் நீளவாட்டில் ஓடும்.

புண்ணின் ஓரத்திலிருந்து எட்டுத் துணுக்குகள் எடுத்தோம். நர்ஸ் ஃபார்மலின் குப்பியைத் தயாராக நீட்டினார். பாதித் துணுக்குகளை மட்டும் அதில் போட்டுவிட்டு, மீதிக்கு வெறும் சலைன் நிரப்பிய இன்னொரு குப்பியைக் கேட்டேன். சின்ன விஷயம்போலத் தெரியும். ஃபார்மலின் திசுவைக் கெடாமல் காக்கும், கூடவே கிருமியைக் கொன்றுவிடும். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் நுண்ணோக்கியில் பார்க்கலாம், ஆனால் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று சோதிக்கவும் வழியில்லை. கத்திவைத்து முடிச்சை எடுத்த பிறகும் இந்த ஒரு குப்பி இல்லாததால் பதில் கிடைக்காமல் போன நோயாளிகள் உண்டு. உங்கள் வீட்டில் யாருக்காவது நெறிகட்டியில் பயாப்ஸி எடுக்கிறார்கள் என்றால், "கல்ச்சருக்குத் தனியா அனுப்புவீங்களா டாக்டர்?" என்று கூச்சமில்லாமல் கேளுங்கள்.

சலைன் குப்பியின் துணுக்கில் சிபிநாட் முடிவு அன்று மாலையே வந்தது. டி.பி. கிருமி இருக்கிறது, ரிஃபாம்பிசின் மருந்துக்கு எதிர்ப்பு இல்லை. நான்கு நாள் கழித்து நோய்க்குறியியல் துறையிலிருந்தும் ரிப்போர்ட்: கிரானுலோமாக்கள் எனும் அழற்சி அணுத் திரள்கள், அவற்றில் ஒன்றின் நடுவே திரிந்த பால்போல் நொறுங்கிக் கிடக்கும் செத்த திசு. லிம்ஃபோமாவுக்கான அணுக்கள் இல்லை. கல்ச்சருக்கு வைத்தது வளர்ந்து பதில் சொல்ல ஆறு வாரம் வரை ஆகும். அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

மாத்திரை

ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் நான்கும் சேர்ந்த கூட்டு மாத்திரை இரண்டு மாதம்; பைரசினமைடை நிறுத்திவிட்டு மற்ற மூன்றும் நான்கு மாதம். தினமும், எடைக்கு ஏற்ற எண்ணிக்கை. 44 கிலோவுக்கு நாளுக்கு மூன்று. அரசு மருத்துவமனையில் இலவசம். வயிற்று டி.பி.க்கு ஒன்பது மாதம், ஒரு வருஷம் என்று கொடுப்பவர்கள் இன்றும் உண்டு. ஆறு மாதம் போதும் என்று சென்னையில் இருந்த காசநோய் ஆராய்ச்சி மையம் 1997-லேயே ஆய்வு வெளியிட்டது. படுக்கையில் கிடத்தாமல் வீட்டிலேயே மருந்து கொடுத்துக் குணமாக்கலாம் என்று 1959-இல் உலகத்துக்குக் காட்டிய அதே சென்னை நிலையம்தான் அது.

முதல் நாளே சொல்லி அனுப்பியவை: சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம். கண்பார்வை மங்கினாலோ, சிவப்பும் பச்சையும் குழம்பினாலோ உடனே வர வேண்டும், எத்தாம்பியூட்டால் கண் நரம்பைத் தொடலாம். கண் மஞ்சளாகி, வாந்தியும் வந்து சாப்பாடே பிடிக்கவில்லை என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே வர வேண்டும். எடை இவ்வளவு குறைந்தவர் என்பதால் தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லா திட்டம்' மிகவும் மெலிந்தவர்களுக்குச் செய்வதுபோல முதலில் ஒரு வாரம் வார்டில் வைத்துச் சாப்பாட்டைச் சரிசெய்தோம். மத்திய அரசு காசநோயாளிகளின் சத்துணவுக்காக வங்கிக் கணக்கில் போடும் தொகை 2024 நவம்பரில் மாதம் 500 ரூபாயிலிருந்து 1000 ஆனது. அதற்கும் பதிந்துவிட்டோம்.

வீடு திரும்பிய இரண்டாம் வாரம் அம்மா போனில் வந்தார். அறைத் தோழர்கள் தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் தனியாக வைத்துவிட்டார்களாம். டி.பி. தட்டின் வழியாகப் பரவாது. நுரையீரலில் நோய் இல்லாதவர் இருமினாலும் பரவாது. அறையில் வேறு யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அவரைத்தான் பரிசோதிக்க வேண்டும், ஏனென்றால் இவருக்கு வந்த கிருமி பெரும்பாலும் யாரோ ஒருவரிடமிருந்துதான் வந்திருக்கும். இதைச் சொன்னதும் தட்டுப் பிரச்சினை அடங்கி, எல்லோரும் சளி கொடுக்க வரிசையில் வந்து நின்றார்கள். யாருக்கும் இல்லை.

ஏழாவது வாரம் பெரிதான கட்டி

முதல் மாதம் எல்லாம் நன்றாகப் போனது. காய்ச்சல் நின்றது, பசி எடுத்தது, மூன்று கிலோ ஏறியது. ஏழாவது வாரம் மறுபடியும் காய்ச்சல், வலது அடிவயிற்றில் வலி. ஊரில் எடுத்த ஸ்கேனில் பெரிய முடிச்சு 42 x 33 மி.மீ. "மருந்து கேக்கல, இது வேற டி.பி.", "நாங்க அப்பவே சொன்னோம் கேன்சர்னு" என்று ஆளுக்கு ஒன்று சொல்ல, ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு தம்பி ராத்திரி பஸ்ஸில் வந்துவிட்டார்.

டி.பி. மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகு முடிச்சு பெரிதாவது தெரிந்த விஷயம்தான். கிருமிகள் கூட்டமாகச் சாகும்போது அவற்றின் சிதைவுகள் முடிச்சுக்குள் கொட்டுகின்றன. அதுவரை நோயால் ஒடுங்கிக் கிடந்த உடலின் எதிர்ப்பும் அதே நேரத்தில் எழுந்து பாய்கிறது. விளைவு, வீக்கம், காய்ச்சல், சில நேரம் புதிய முடிச்சுகள்கூட. கழுத்து நெறிகட்டி டி.பி.யில் ஐந்தில் ஒருவர் அளவுக்குக்கூட இது பதிவாகியிருக்கிறது. வயிற்றுக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாது, ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும், எடுத்ததும் கலவரம்.

அதற்காக எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லையா, கிருமி மருந்துக்கு எதிர்ப்புக் காட்டுகிறதா, அல்லது நோயே வேறா என்று மூன்றையும் விலக்கியாக வேண்டும். காலி அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். எண்ணிக்கை சரியாக இருந்தது, சிறுநீர் நிறமும் சாட்சி. கல்ச்சர் ரிப்போர்ட் அதற்கு முந்தைய வாரம்தான் வந்திருந்தது. டி.பி. கிருமி வளர்ந்திருக்கிறது, ஐசோனியசிட்டுக்கும் ரிஃபாம்பிசினுக்கும் கட்டுப்படுகிறது. திசுவில் லிம்ஃபோமா இல்லை என்று கையில் எழுத்து இருந்தது. எடை குறையவில்லை.

மருந்தை மாற்றவில்லை, அதே மாத்திரைகள். வலிக்கும் காய்ச்சலுக்கும் பத்து நாள் அழற்சி தணிக்கும் மருந்து மட்டும் சேர்த்தேன். ஸ்டீராய்டு தேவைப்படவில்லை. இரண்டு வாரத்தில் காய்ச்சல் போனது.

முதல் நாள் திசு எடுக்காமல் மாத்திரையை ஆரம்பித்திருந்தால் இந்த ஏழாவது வாரம் எங்களிடம் என்ன இருந்திருக்கும்? பெரிதாகும் கட்டி, மறுபடி காய்ச்சல், கையில் ஆதாரம் எதுவும் இல்லை. பயத்தில் இரண்டாம் கட்ட மருந்துக்கு மாற்றியிருப்போம், இல்லையென்றால் வயிற்றைத் திறந்திருப்போம். அந்தச் சலைன் குப்பிதான் நிதானமாக இருக்க விட்டது.

குழந்தைகளின் ரிப்போர்ட்டைப் பற்றி இடையில் ஒரு சொல்

இதைப் படிப்பவர்களில் பாதிப்பேர் கையில் இருப்பது பிள்ளைகளின் ஸ்கேன் ரிப்போர்ட்டாகத்தான் இருக்கும். சளி, காய்ச்சல் வந்து நாலு நாளில் தொப்புளைச் சுற்றி வலி என்று பிள்ளை அழும். ஸ்கேனில் 'குடல்தாங்கியில் சில முடிச்சுகள், பெரியது 11 x 6' என்று வரும். மேலே சொன்ன கதை அந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது. ஒரு தொந்தரவும் இல்லாத குழந்தைகளுக்கு ஸ்கேன் எடுத்தாலே பலருக்கு 5 மி.மீ.க்கு மேல் முடிச்சு தெரியும். அதனால் குறுக்களவு 8 மி.மீ. தாண்டினால்தான் வீக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பவர்கள் உண்டு. வைரஸ் தொற்றுக்குப் பின் வரும் இந்த வீக்கம் சில வாரங்களில் தானே வற்றும். முதலில் பார்க்க வேண்டியது குடல்வால் அழற்சியா என்பதை. அது இல்லையென்றால் வலிக்கு மருந்தும் பொறுமையும்தான் சிகிச்சை.

'முடிச்சு இருக்கு' என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளைக்கு ஆறு மாதம் டி.பி. மருந்து எழுதுவது இன்னும் நடக்கிறது. என் கணக்கில் அது சிகிச்சையே இல்லை. எடை குறைகிறது, இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, வீட்டில் யாருக்காவது டி.பி.: இவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் மேலே தேட வேண்டும். எதுவும் இல்லாமல் ஓடி விளையாடுகிற பிள்ளையை மாதா மாதம் ஸ்கேனுக்குக் கூட்டிப்போய் மில்லிமீட்டர் எண்ணாதீர்கள்.

ஆறு மாதம் முடிந்தபோது

நடுவில் எடை 50-ஐத் தாண்டியதால் மாத்திரை நாளுக்கு நான்காக உயர்ந்தது. ஆறாம் மாத முடிவில் 54 கிலோ, ஹீமோகுளோபின் 12.8. கொலனோஸ்கோபியில் புண்கள் ஆறியிருந்தன. ஸ்கேனில் முடிச்சுகள் சுருங்கியிருந்தன, மறையவில்லை. பெரியது 13 x 9. இரண்டில் சுண்ணாம்பு படிந்திருந்தது.

"கட்டி இன்னும் இருக்கே சார், இன்னும் மூணு மாசம் போடட்டுமா?" என்று தம்பியே கேட்டார். போட வேண்டாம் என்றேன். கிருமி செத்துப்போன முடிச்சு தழும்பாகி, மாதக்கணக்கில், சில நேரம் வாழ்நாள் முழுக்கக்கூட அப்படியே கிடக்கும். மருந்தை நீட்டினால் தழும்பு கரையாது, கல்லீரலுக்குத்தான் வேலை. காய்ச்சல் இல்லை, எடை ஏறியிருக்கிறது, புண் ஆறிவிட்டது; மருந்தை நிறுத்த இந்த மூன்றும் போதும்.

ஒரு பாக்கி இருந்தது. குடல் புண் ஆறும்போது அந்த இடம் கொஞ்சம் சுருங்கிப்போனது. வயிறு முட்டச் சாப்பிட்ட நாளில் காற்று உருண்டை இன்னும் லேசாகக் கிளம்புகிறதாம். கொட்டை, நார் அதிகமுள்ளதைக் குறைத்து, சின்னச் சின்ன வேளையாகச் சாப்பிடச் சொல்லியிருக்கிறேன். வயிறு உப்பி, வாந்தியெடுத்து, காற்றும் பிரியவில்லை என்றால் மறுநாள் வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். அடைப்பு வந்தால் பலூனால் விரிக்கவோ, அந்தத் துண்டை அறுத்து எடுத்துத் தைக்கவோ நேரலாம். இதுவரை அதற்கு அவசியம் வரவில்லை. மறுபடி கட்டிங் பிரிவிலேயே சேர்ந்திருக்கிறார், இரவு ஷிஃப்ட் மட்டும் வேண்டாம் என்று கேட்டு வாங்கிக்கொண்டு.